சனிக்கிழமை யானை

மனைவியைப் பிரிந்தபின், சனிக்கிழமை ஒரு மணி நேரம்தான் மகளைப் பார்க்க அவனுக்குக் கோர்ட் அனுமதி. ஆபீஸில் புலியாக உறுமுகிறவன், இங்கே கோர்ட்டின் சந்திப்பு அறையில் மகளை முதுகில் சுமந்து தவழும் யானை. மூலையில் கண்காணிப்பு மேடம், கண்கொத்திப் பாம்பாக.

அன்று மனைவியும் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"செல்லம், எங்க சண்டை தீர்ந்துடுச்சு. இனிமே அப்பா நம்ம வீட்லதான் இருப்பாரு!"

மகள் ஓவென்று அழுதாள். யானையின் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்பாவைப் பிடிக்கலையா கண்ணு?" என்றாள் மனைவி.

அவள் ஓடிப்போய் மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, நீங்களும் எங்க வீட்டுக்கே வந்துடுங்க."

"நான் எதுக்கும்மா?"

"வீட்ல அப்பா எப்பவும் போனைத்தான் பார்ப்பாரு. நீங்கதான் அதை வாசல்லயே பிடுங்கிப் பெட்டியில பூட்டிடறீங்க. அதனாலதான் என்னைப் பார்க்கறாரு!"