பழைய இன்ஜினுக்கு ஆகாது

"சாரோட வண்டிக்கா? போன மாசம்தானே ஆயில் மாத்தினார்?" என்றபடி கடைக்காரர் டப்பாவை அலமாரியிலிருந்து இறக்கினார்.

"அவர்தான் ஒண்ணு வாங்கி வைக்கச் சொன்னார்" என்றாள் அவள்.

கேட்க வந்தது வேறு. ஷெட்டில் நிற்கும் அவள் அப்பாவின் பழைய காருக்கு எது சரிப்படும் என்று கேட்க வேண்டும். ஆனால் கடைக்காரர் கணவனின் சிநேகிதர். கேட்டால் பொழுது சாய்வதற்குள் விஷயம் அவன் காதுக்குப் போய்விடும்.

"இருக்கிறதிலேயே உசத்தி இதுதான் மேடம். புது வண்டிக்குன்னே வந்தது."

உசத்தியானது எதற்கும் ஒத்துவரும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, டப்பாவைக் காய்கறிப் பையின் அடியில் திணித்தாள்.

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக விரைந்தாள். வெளியூர் போன கணவன் நாளைக் காலை வருகிறான். வந்ததும் அந்தக் காரை விற்றுவிடுவான், ஆள் பார்த்தாகிவிட்டது. செல்போனை எப்போதோ பிடுங்கிக்கொண்டான். போன வாரம் அவன் தள்ளியதில் சுவரில் தோள் இடித்து, இன்னும் கையை மேலே தூக்க முடியவில்லை.

முன்பு ஒருமுறை அக்கா வீட்டுக்குப் போக பஸ் ஏறினாள். இரண்டாவது நிறுத்தத்திலேயே மறித்து இறக்கிக் கூட்டி வந்துவிட்டான். இனி அந்தக் காரை விட்டால் வேறு வழி இல்லை.

வீட்டில் காவலுக்கு மாமியார். வாசல் நாற்காலியை விட்டு நகராத மனுஷி. மருமகள் போவதும் வருவதும் தினமும் மகனுக்குப் போனில் ஒப்பிக்கப்படும்.

"பால் வாங்கப் போனா. அஞ்சு நிமிஷத்துல வந்துட்டா" என்று நேற்றுச் சொன்னது இவள் காதிலும் விழுந்தது. உண்மையில் அரை மணி நேரம் ஆகியிருந்தது. கிழவிக்குக் கடிகாரம் கூடச் சரியாகத் தெரிவதில்லை போலிருக்கிறது.

இன்று நாற்காலி காலியாக இருந்தது. அவள் நேரே ஷெட்டுக்குப் போய் பானெட்டைத் தூக்கினாள். அளவு பார்க்கும் கம்பியை உருவினால், நுனியில் கறுப்பாக ஒரு சொட்டுதான் இருந்தது. அவசரமாக டப்பாவின் மூடியைத் திருகினாள்.

"நிறுத்து."

பின்னால் மாமியார்.

"அத்தை... சும்மா... விக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம்..."

"ஏன் மென்னு முழுங்குற? குடு இப்படி."

மாமியார் டப்பாவை வாங்கிக் கண்ணருகே வைத்துப் படித்தார். ஒரு சொட்டை விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"தண்ணி மாதிரி இருக்கு. எவன் குடுத்தான் இதை? உங்க மாமா டாக்ஸி ஓட்டின காலத்துல ஆயில் மாத்தினதெல்லாம் நான்தான். தேஞ்சுபோன இன்ஜின் இதைப் புகையா விட்டுட்டு, பாதி வழியில படுத்துடும்."

பாதி வழி! கிழவிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இன்று போனில் இதுதான் முதல் சேதி.

"அத்தை, உங்க கால்ல விழுறேன். அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

மாமியார் மூடியை இறுக்கித் திருகி, டப்பாவைப் பையில் போட்டு அவள் கையில் திணித்தார்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கடை இருக்கு. அங்க உன் புருஷனை யாருக்கும் தெரியாது. இருபத்திரண்டு வருஷ வண்டின்னு மறைக்காம சொல்லி, கெட்டி ஆயிலா வாங்கிட்டு வா."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பாலத்தைத் தாண்டிப் போனா வர ஒரு மணி நேரம் ஆயிடுமே, அத்தை..."

"ஆகட்டும். நானும் என் துணிமணியை எடுத்து வைக்கணும்ல?"