ஒரு சொட்டு நிஜக் கண்ணீர்

திரையில் அம்மா செத்துக்கொண்டிருந்தாள். மகன் மடியில் தலை, உதட்டில் கடைசி வசனம், பின்னணியில் வயலின்கள் குடம் குடமாகக் கொட்டிக்கொண்டிருந்தன. அரங்கமே மூக்கை உறிஞ்ச, கடைசி வரிசையில் ஒரு வயதான அம்மாள் மட்டும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள்.

"கல்நெஞ்சுக்காரி! அந்தம்மா பக்கம் கேமராவைத் திருப்பிடாதே, நம்ம பொழப்பைக் கெடுத்துடும்" என்று கேமராமேன் காதைக் கடித்தாள் தொகுப்பாளினி.

அவள் கவலை அவளுக்கு. சினிமா பார்த்து அழுகிறவர்களைப் பிடித்துப் பேட்டி எடுப்பதுதான் அவளுடைய நிகழ்ச்சி. அலுவலகத்தில் அவளுக்கு 'ஒப்பாரி அக்கா' என்றே பெயர். போன வாரம் தேம்பித் தேம்பி அழுத ஒரு ரசிகர், நேரலை இன்னும் ஓடுவது தெரியாமல், "இவ்வளவு போதுமா மேடம்?" என்று கேட்டுத் தொலைத்துவிட்டார். ஊரே சிரித்தது.

"இன்னிக்கு ஒரு சொட்டாவது நிஜக் கண்ணீர் வரணும். இல்லேன்னா அடுத்த வாரத்துலேருந்து நீ மழை வருமா வராதான்னு படிச்சிட்டு இரு" என்று சேனல் தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

படம் முடிந்து விளக்கு வந்தது. இருட்டில் விசும்பிய ஜனமெல்லாம் சட்டென்று கண்ணைத் துடைத்து, தலையைக் கோதி, கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. ஒரு மூக்குக்கண்ணாடிக்காரரின் கண்களில் மட்டும் நீர் தளும்பி நின்றது. தொகுப்பாளினி ஓடிப்போய் மைக்கை நீட்டினாள்.

"கொட்டாவிம்மா" என்றார் அவர்.

நல்லவேளை, அதற்குள் நேரலை தொடங்கவில்லை. படத்தின் இயக்குநர் மேடை ஏறியதும் தொடங்கியது. அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கூட்டம் கைதட்டியது. மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"இது வெறும் படமில்லீங்க, என் வாழ்க்கை" என்று குரலைத் தாழ்த்தினார். "எங்கம்மா என் மடியிலதான் உயிரை விட்டாங்க. போறப்ப அவங்க சொன்னதைத்தான் வசனமா வச்சிருக்கேன், ஒரு எழுத்து மாத்தலை. இன்னிக்கும் அவங்க போட்டோவுக்கு முன்னாடி நின்னு கும்பிட்டுட்டுத்தான் ஷூட்டிங் கிளம்புவேன்."

கூட்டம் உச்சுக்கொட்டியது. இயக்குநர் கைக்குட்டையை எடுத்து, கேமரா எந்தப் பக்கம் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, அந்தப் பக்கக் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு விம்மல் கேட்டது. தொகுப்பாளினி திரும்பினாள். அதே கல்நெஞ்சுக்காரி! புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். இதுவல்லவா கண்ணீர்! மழை வருமா வராதா என்ற கவலை இனி வேறு யாருக்காவது இருக்கட்டும்.

"அக்கா, படம் பூரா குத்துக்கல்லாட்டம் இருந்துட்டு, இவர் பேசறப்ப மட்டும் அழுவுறாங்களே?" என்றான் கேமராமேன்.

"எப்ப அழுதா உனக்கென்ன? நிஜமா வருதா இல்லையா? முகத்துக்குக் கிட்ட போ."

இரண்டே எட்டில் அந்த அம்மாளின் பக்கத்தில் போய் மண்டியிட்டாள். குரலில் தேனைத் தடவிக்கொண்டாள்.

"அழாதீங்கம்மா. எங்க எல்லாருக்கும் அழுகையா வருது. இந்தப் படம் உங்களுக்கு யாரை ஞாபகப்படுத்துச்சு?"

"என் புள்ளையைத்தான்" என்றாள் அந்த அம்மாள். ஒலிபெருக்கியில் அந்தக் குரல் அரங்கம் முழுக்கக் கேட்டது.

மேடையில் இயக்குநரின் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் நழுவி உருண்டது. பெற்ற பாசத்தைக் கேட்டதும் மனுஷன் எப்படி ஆடிப்போகிறார் என்று தொகுப்பாளினிக்கே மெய்சிலிர்த்தது.

"உங்க பையன் நல்லா இருக்காராம்மா?"

"அவனுக்கென்ன, ராஜாவாட்டம் இருக்கான்."

"உங்களை வந்து பாப்பாரா?"

"எங்கேம்மா... வேலை ஜாஸ்தி. போன் பண்ணாலும் வேற யாராச்சும்தான் எடுப்பாங்க."

கூட்டம் மறுபடியும் உச்சுக்கொட்டியது. தாயைக் கைவிட்ட மகன்! கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த சந்தோஷத்தில் தொகுப்பாளினிக்குத் தலைகால் புரியவில்லை.

"மேடம், நேரமாச்சு, அடுத்து ஹீரோ பேசட்டுமே!" என்று மேடையிலிருந்து கத்தினார் இயக்குநர். குரல் கீச்சென்று வந்தது.

"பாத்தீங்களா? அம்மாங்கிற வார்த்தையைக் கேட்டாலே சாருக்குத் தாங்கலை!" என்று கேமராவைப் பார்த்துச் சொன்னாள் தொகுப்பாளினி. "ஒரே ஒரு நிமிஷம் சார். அம்மா, நீங்க சொல்லுங்க. படத்துல எல்லாரும் அழுத சீன்ல நீங்க அழலை. சார் அவங்க அம்மா செத்ததைச் சொன்னப்ப ஏன் அப்படி உடைஞ்சு போயிட்டீங்க?"

அந்த அம்மாள் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மேடையை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தாள்.

"நான் செத்துப்போனது எனக்கே இப்பத்தாம்மா தெரியும்."