இரையாத பெட்டி

“படம் பார்க்கிற கொம்பியூட்டருக்கு இவ்வளவு அமைதி வேணுமா, அண்ணன்?” என்று கேட்டான் காத்தான்குடிக் கடைக்காரன் றிஸ்லான்.

“உள்ளுக்கு ஃபேன் சுத்துற சத்தமே கேட்கக் கூடாது, தம்பி” என்றார் நாவற்குடாவிலிருந்து வந்திருந்த தவேந்திரன்.

“அப்ப பெரிய ஃபேனாப் போடுவம், மெதுவாச் சுத்தும். இரையாத பவர் சப்ளையும் நேத்துத்தான் கொழும்புல இருந்து வந்தது. சண்டைக் காலமெண்டா ஆமிட செக்பொயின்ற்ல கிடந்திருக்கும்.”

“ஹார்ட் டிஸ்க்?”

“அதுக்கு ரப்பர் வச்சுப் பூட்டுறன். ஏன், மனிசிட நித்திரை குழம்பிருமா?”

தவேந்திரன் புன்னகைத்தார். “அவ நித்திரை கொள்ளக்குள்ளதான் நான் பார்க்கிற.”

எல்லாம் பொருத்தி முடிந்ததும் தவேந்திரன் ஒரு சீடியை நீட்டினார். “இதைப் போட்டுப் பாருங்க.”

திரையில் ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். மெல்லிய குறட்டை கேட்டது.

“குறட்டையே விடுறல்ல எண்டு என்னோட சண்டை பிடிப்பா. காட்டத்தான் ஒரு ராவு வீடியோ எடுத்தன்.”

றிஸ்லான் சிரித்தான். “பார்த்திட்டு என்ன சொன்னா?”

“விடிஞ்சதும் கெசட்டைச் சீடியாக்கக் குடுக்க டவுனுக்குப் போனன். திரும்பி வாறதுக்குள்ள கடல் வந்திட்டு.”

றிஸ்லான் எழுந்துபோய், தலைக்கு மேல் சுற்றிய கடை மின்விசிறியை நிறுத்தினான்.