சும்மா நிற்கும் சர்வர்

ஆம்புலன்ஸ் அழைப்புகளை ஏற்கும் அந்த அலுவலகத்தில் இரண்டு கணினி சர்வர்கள் இருந்தன. ஒன்று எல்லா அழைப்புகளையும் சுமந்தது. அது விழுந்தால் தாங்குவதற்காக மற்றது விழித்திருந்தது.

"இது ஏன் சும்மா நிக்குது?" என்றார் மேலாளர் சற்குணம்.

"சும்மா நிக்கிறதுதான் சார் அதோட வேலை" என்றாள், சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்லின்.

"அந்த வேலைய எனக்குக் குடும்மா. பாதிச் சுமைய அதுக்குக் குடு."

கொடுத்தாள். இரண்டும் வேகமாக ஓடின. அந்த வேகத்தை நம்பிப் பக்கத்து மாவட்டத்தின் அழைப்புகளையும் சற்குணம் வாங்கிச் சேர்த்தார்.

வெள்ளம் வந்த அன்று ஒன்று நின்றது. மொத்தச் சுமையும் மற்றதன்மேல் இறங்கியது. அதுவும் நின்றது.

மெர்லின் தரையில் அமர்ந்து இரண்டையும் எழுப்பப் போராடினாள்.

"நான் என்னம்மா செய்யட்டும்?" என்றார், பக்கத்தில் சும்மா நின்ற சற்குணம்.

வெளியே மழை வலுத்தது. ஊரில் யாருக்கும் எதுவும் ஆகாதது போல, கூடத்தில் ஒரு தொலைபேசியும் அடிக்கவில்லை.