வைக்க மாட்டேன்

"போனை வைங்கம்மா. அந்தப் பக்கம் ஆளே இல்லை."

"ஆள் இருக்கார் சார். பேசலை, அவ்வளவுதான்."

அதிகாரி கடகடக்கும் மின்விசிறிக்குக் கீழே நின்று கழுத்தைத் துடைத்துக்கொண்டார். உயிரை விட்டுவிடலாமா என்று தவிப்பவர்கள் கூப்பிட்டுப் பேசும் உதவி மையம் அது. அதை இன்றோடு இழுத்து மூடத்தான் தலைமை அலுவலகம் அவரை அனுப்பியிருந்தது. இனிமேல் மனம் நொந்தவர்கள் மெசேஜ் அனுப்பினால் போதுமாம், இயந்திரம் ஆறுதல் சொல்லுமாம். ஐந்து மணிக்குள் இணைப்பைத் துண்டிக்காவிட்டால் டெலிபோன் ஒப்பந்தம் தானாகவே இன்னொரு வருடத்துக்கு நீண்டுவிடும். மையத்தையும் அதுவரை மூட முடியாது. மனுஷருக்கு அந்தக் கவலை.

மற்ற மேசைகளின் போன்களை மதியமே கழற்றியாகிவிட்டது. எஞ்சியது இது ஒன்றுதான். இதையும் கழற்றுவதற்காக லைன்மேன் வெளியே வைத்திருந்த பையிலிருந்து கருவி எடுக்கப் போன நேரம் பார்த்து மணி அடித்தது. அங்கே அழைப்புகளுக்குப் பதில் பேசுபவள் அவள். எடுத்தவள் எடுத்தவள்தான், வைக்கவே இல்லை. அலுவலகத்தில் அவளுக்குப் 'பசை' என்று சும்மா பட்டப்பெயர் வைக்கவில்லை.

"நான் இங்கதான் இருக்கேன்," என்றாள் ரிசீவரில். "பேசணும்னு அவசியம் இல்லை. லைன்ல இருங்க, போதும்."

ரிசீவரில் எங்கோ மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் குரலே கிணற்றுக்குள் பேசியதுபோலத் திரும்பி வந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. அழுகிறவர்களை, கத்துகிறவர்களை எப்படியும் சமாளித்துவிடுவாள். பேசாதவர்களிடம்தான் எதைப் பிடித்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியாது.

"யாரோ வேலைவெட்டி இல்லாதவன் விளையாடுறான்," என்றார் அதிகாரி.

"விளையாடட்டும் சார். விளையாடுற வரைக்கும் உயிரோட இருக்கார்ல?"

அவர் கையை நீட்டி இணைப்பை அமுக்கப் பார்த்தார். அவள் போனின் மேல் உள்ளங்கையை விரித்து மூடிக்கொண்டாள்.

"தொட்டீங்கன்னா நல்லா இருக்காது. சுவத்துல என்ன ஒட்டியிருக்குன்னு படிங்க."

'அழைத்தவர் வைக்கும்வரை நாம் வைக்கக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"எவன் போட்ட விதி இது?"

"கீழ இருக்கிறது உங்க கையெழுத்துதான் சார்."

அதிகாரியின் முகம் சுண்டிப்போயிற்று. கோபம் லைன்மேன் பக்கம் திரும்பியது. அவன் வாசலோரம் ஸ்டூலில், சட்டைப்பையின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு தேமே என்று உட்கார்ந்திருந்தான்.

"நீ என்னப்பா வேடிக்கை பாக்கறே? போய் வயரை வெட்டு."

அவன் முடியாது என்று தலையை ஆட்டினான். ஆள் பேசிக்கொண்டிருக்கும் இணைப்பை வெட்டினால் அவன் வேலை போய்விடும்.

"வாயைத் திறந்து பதில் சொல்றதுக்கென்ன? எல்லாரும் ஒண்ணு சேர்ந்துட்டீங்களா?" என்றவர் அவளிடம் திரும்பினார். "நாளைக்கு உங்களுக்கு வேலை இருக்காது, தெரிஞ்சுக்குங்க."

"இன்னைக்கு இருக்குல்ல சார்? இன்னைக்கு நான் வைக்க மாட்டேன்."

அதற்குப் பிறகு அவள் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. எதிர்மாடிக் கொடியில் ஒரு பேன்ட் மட்டும் காற்றில் தனியாக நடைபழகுவதை ரிசீவரில் வர்ணித்தாள். இங்கே ஒருவர் எரிந்து விழுந்துகொண்டிருக்கிறார், அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்றாள். அதிகாரி உட்கார்ந்தார், எழுந்தார், மேலிடத்துக்குப் போன் போட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கடிகாரம் ஐந்தைத் தாண்டியது.

"உங்களை வெச்சுக்கிட்டு எவன் உருப்படுவான்," என்று பையைத் தூக்கிக்கொண்டு அவர் வெளியேறினார். படிகளில் அவர் செருப்புச் சத்தம் கீழே போய்த் தேய்ந்தது.

அவளால் சந்தோஷப்பட முடியவில்லை. மையம் பிழைத்தது சரி, இந்த ஆள் பிழைத்தானா? இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லையே.

"எனக்கு உங்கமேல கோபமா வருது," என்றாள். குரல் உடைந்தது. "வேற எதுவும் வேண்டாம். இருக்கேன்னு மட்டும் சொல்லுங்க."

"இருக்கேன் மேடம்."

குரல் ரிசீவரிலும் கேட்டது, வாசலிலும் கேட்டது.

லைன்மேன் ஸ்டூலை விட்டு எழுந்து, சட்டைப்பையிலிருந்து தன் செல்போனை வெளியே எடுத்தான்.

"போன வருஷம் ஒருநாள் இங்க போன் பண்ணிட்டு நான் வாயே திறக்காம அழுதுட்டு இருந்தேன், நீங்க வைக்கலை," என்றான். "அன்னைக்கு வெச்சிருந்தீங்கன்னா, இன்னைக்கு இந்த லைனை வெட்ட வேற யாராவதுதான் வந்திருப்பாங்க."