குறட்டைக்கு ஒரு டிராம்போன்

"அவர் மூச்சை இழுக்கும்போது டிராம்போன் ஊதல் ஏறணும், விடும்போது இறங்கணும். அவ்வளவுதான் மேடம், படம்" என்றாள் இயக்குநர்.

"அவ்வளவுதானா? கதை?" என்றார் இசையமைப்பாளர்.

"கதையெல்லாம் எதுக்கு மேடம்? இது சோதனைப் படம்."

"யாருக்குச் சோதனை?" என்றார் டிரம்ஸ்காரர். இயக்குநர் முறைத்ததும் குச்சியால் முதுகைச் சொறிந்துகொண்டார்.

ஒலிப்பதிவுக் கூடத்தின் திரையில் ஒரு சோபா. அதில் பனியனோடு, வாயைப் பிளந்துகொண்டு மல்லாந்து கிடக்கும் ஒரு தடித்த மனிதர். முதலிலிருந்து கடைசிவரை இந்த ஒரே காட்சிதான். குறட்டைச் சத்தத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஜாஸ் போட வேண்டும். ஏற்கெனவே இரண்டு இசையமைப்பாளர்கள் கும்பிடு போட்டுவிட்டு ஓடியிருந்தார்கள். மறுநாள் படம் திரைப்பட விழாவுக்குப் போயாக வேண்டும். இயக்குநருக்கு இதுதான் முதல் படம். சொதப்பினால் கடைசிப் படமும் இதுதான்.

இசையமைப்பாளருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார்.

"யாரும்மா நடிகர்?"

"நாடகக்காரர் மேடம். இந்தத் தூக்கத்துக்காகவே மாசக்கணக்கா பயிற்சி எடுத்தார்."

"அதான் கொர்ருனு உயிரோட்டமா இருக்கு."

"ஒரு தடவை முழுசா போட்டுக் காட்டட்டுமா?"

"வேண்டாம். ஜாஸ்னாலே கண்ணைக் கட்டிக் காட்டுல விட்டதுதான். நேரா பதிவுக்குப் போயிடலாம். என் கையை மட்டும் பாருங்கப்பா."

படம் ஓடியது. டிராம்போன் ஏறியது, இறங்கியது. திடீரென்று இசையமைப்பாளர் உள்ளங்கையை உயர்த்தினார். எல்லா வாத்தியமும் நின்றது. அடுத்த கணம் திரையில் அந்த மனிதரின் மார்பும் அசையாமல் நின்றது.

"போய்ட்டாரா?" என்று டிரம்ஸ்காரர் கிசுகிசுத்தார்.

"எங்க போவார்? இப்போ... அடி!"

டிரம்ஸ் அதிர்ந்த அதே நொடியில் மனிதர் திடுக்கிட்டுக் காலை உதறினார். "இடது பக்கம் புரளப் போறார். பேஸ் கிட்டார் மட்டும், முனகுற மாதிரி" என்றார் இசையமைப்பாளர். மனிதர் சொன்னபடி கேட்டு இடது பக்கம் புரண்டார். உதடுகள் படபடத்தபோது டிரம்ஸின் சிம்பல் தட்டு ஏற்கெனவே சலசலத்துக்கொண்டிருந்தது.

ஒரே டேக்கில் முடிந்துவிட்டது. டிரம்ஸ்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். இயக்குநரின் கண் கலங்கிவிட்டது.

"மேடம், நீங்க மேதை! படத்தையே பார்க்காம எப்படி..."

இசையமைப்பாளர் அவளை ஓரமாக அழைத்துப் போனார்.

"அது நாடகக்காரர் இல்ல, உன் வீட்டுக்காரர். அவருக்கே தெரியாம எடுத்திருக்கே. சரிதானே?"

அவள் முகம் வெளுத்தது. "வெளியில சொல்லிடாதீங்க மேடம், ப்ளீஸ்."

"சொல்லலம்மா. 'கல்யாணத்துக்கு முன்னாடி எனக்குக் குறட்டையே கிடையாது, எல்லாம் உன்னைக் கட்டின நேரம்'னு சொல்லியிருப்பாரே?"

"தினமும் சொல்றார்! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் அவர் பொண்டாட்டியா இருந்தப்போ என்கிட்டயும் அதையேதான் சொன்னார்."