சேமியின் கைராசி

லவுடோகா துறைமுக ஊரில் அப்பா தொடங்கிய மொத்த மளிகைக் கடையை அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்து எதிரெதிரே நடத்தினார்கள். பேச்சுவார்த்தை கிடையாது.

தம்பி தாகோர்பாய் வாசலுக்கும் கல்லாவுக்குமாக நடந்தார்.

"அப்பா, சரக்கு வாங்க வந்தவங்க எவ்வளவு நேரம் நிப்பாங்க?" என்றான் மகன் நிலேஷ்.

"சேமி வரட்டும்டா. கடை பிரிஞ்ச நாள்லேருந்து அவன் கையாலதான் போணி."

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் சேமி மூச்சிரைக்க வந்தான். "ஒரு மூட்டை மாவு, சேட்டு."

"எங்கடா போய்த் தொலைஞ்ச? உசுரே போச்சு!"

"எதிர்க்கடை இப்பத்தானே திறந்துச்சு? பெரிய சேட்டுக்குக் காய்ச்சல். அவரு காசு குடுத்தாத்தானே..." சேமி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அண்ணனா? தினமுமா?"

"தம்பி கடையில போணி சுணங்கக் கூடாதாம். சொல்லாதேன்னாரு."

தாகோர்பாய் காசை வாங்கவில்லை. செருப்புக்கூடப் போடாமல் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்.